நார்வே அருவிகள்: தண்ணீர் யார் கையில் இருக்கிறது?

2025 பிப்ரவரியில் நார்வே நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. நீர்மின் திட்டங்கள் கூடாது என்று பல பத்தாண்டுகளாகக் காத்துவந்த ஆறுகளிலும், வெள்ளத்தைத் தணிக்கப் பெரிதும் உதவும் என்றால், 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின்திட்டங்களைப் பரிசீலிக்கலாம் என்பது அதன் சாரம். இயற்கை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பெர்கனிலும் ஒஸ்லோவிலும் உள்ள உறவினர் வீட்டுக்குக் கோடை விடுமுறையில் போய், அப்படியே ஃபியோர்டுப் பக்கம் ஒரு சுற்று வரலாம் என்று நினைக்கும் நம்மவர்களுக்கு எழும் கேள்வி வேறு. படத்தில் பார்த்த அருவியில் நாம் போகும்போது தண்ணீர் இருக்குமா?

நார்வேயின் புகழ்பெற்ற அருவிகளில் சில ஏற்கெனவே மின்நிலையத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. சில முழுக்க இயற்கையாக விழுகின்றன. சில பெயருக்கு மட்டுமே இருக்கின்றன. வழிகாட்டிப் புத்தகங்கள் உயரத்தைத்தான் முதலில் போடும். பயணத்தைத் திட்டமிடுகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான்.

அடிப்படை: இவ்வளவு அருவிகள் ஏன் ஒரே இடத்தில்?

ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்த இடம். ஆறு வெட்டும் பள்ளத்தாக்கு குறுகலாக 'வி' வடிவில் இருக்கும். பனியாறு வெட்டுவது செங்குத்துச் சுவர்களோடு 'யு' வடிவில் இருக்கும். முதன்மைப் பள்ளத்தாக்கில் பனி பல நூறு மீட்டர் தடிமனில் நகர்ந்து ஆழமாகக் குடைந்தது. பக்கவாட்டில் வந்து சேர்ந்த சின்னப் பனியாறுகளுக்கு அந்தப் பலம் இல்லை. பனி உருகி விலகியபோது பக்கப் பள்ளத்தாக்குகள் பெரிய பள்ளத்தாக்கின் சுவரில் பாதி உயரத்தில் திறந்தபடி நின்றுவிட்டன. இவற்றைத் தொங்கு பள்ளத்தாக்கு என்கிறார்கள். அவற்றில் ஓடிவரும் ஆற்றுக்குக் கீழே குதிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஃபியோர்டுகளுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹார்டாங்கர் ஃபியோர்டின் கிழக்கே ஹார்டாங்கர்விடா என்ற பீடபூமி கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அதன் ஒரு பகுதியான தேசியப் பூங்கா மட்டுமே 3,400 சதுர கி.மீ.க்கு மேல். குளிர்காலம் முழுக்க அங்கே பனி குவிகிறது. மேற்கே கடலிலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் முட்டுகிறது. பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்கு மேல் மழை. மேலே பனிக் கிடங்கு, பக்கத்தில் மழைக்கடல், நடுவே செங்குத்துச் சுவர். அருவிக்கு வேறு என்ன வேண்டும்?

தண்ணீரைத் தீர்மானிக்கும் நால்வர்

1. உருகும் பனி. மே கடைசி முதல் ஜூன் வரை உச்சம். பீடபூமியின் பனி கரையக் கரைய, ஜூலை நடுவில் குறையத் தொடங்கும். கெய்ராங்கர் ஃபியோர்டின் 'ஏழு சகோதரிகள்' இந்த வகை. மேலே பெரிய ஏரியோ பனியாறோ இல்லாததால் ஆகஸ்டு வறட்சியில் ஏழு தாரை மூன்று நான்காகச் சுருங்கிவிடும். படகுக்குக் கட்டணம் கட்டியவர் எண்ணிப் பார்த்துவிட்டு ஏமாற்றப்பட்டோம் என்று நினைப்பதில் பயனில்லை. வந்த மாதம் அப்படி.

2. பனியாறு. வெயில் ஏறினால்தான் பனியாறு அதிகம் உருகும் என்பதால் ஜூலை, ஆகஸ்டில் உச்சம். நீர் பால்கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். பாறையை அரைத்த மாவு அதில் கலந்திருக்கிறது.

3. மழை. கடலோரத்துக்கு அருகில் உள்ள குறுகிய ஆறுகளுக்கு இலையுதிர்காலம்தான் பெருக்கு. 2014 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் ஒட்டா நகரின் ஓபோ ஆறு கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போனது. ஓபோ பாதுகாக்கப்பட்ட ஆறு. 2025 தீர்மானத்தில் 'வெள்ளத் தணிப்பு' என்ற நிபந்தனை வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட வெள்ளங்கள்தான் இருக்கின்றன. தீர்மானத்தை எதிர்ப்பவர்களும் அந்த வீடுகளை மறந்துவிட்டுப் பேச முடியாது.

4. மின்நிலையம். முதல் மூன்றையும் இது ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடக் கூடியது.

பனி உருகும் ஆறுகளுக்கு நாளுக்குள்ளேயே ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. பிற்பகல் வெயிலில் மேலே உருகிய நீர் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் மாலையிலும் முன்னிரவிலும் ஓட்டம் அதிகம், விடியற்காலையில் குறைவு. படம் பிடிக்கிறவருக்கு மாலை நல்லது. பாலம் இல்லாத ஓடையைக் கடக்க வேண்டியவருக்குக் காலை நல்லது. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை திரும்பி வரும்போது முட்டி அளவுக்கு நிற்கும். வழி தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

திறந்துவிட்டால்தான் அருவி

நார்வேயின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கு அருகில் நீர்மின்சாரம். அதற்கு வேண்டியவை இரண்டு: மேலே நிறையத் தண்ணீர், அது இறங்கப் பெரிய உயர வேறுபாடு. அருவிக்கு வேண்டியவையும் அதே இரண்டுதான். ஒரே சரிவைத்தான் இருவரும் கேட்கிறார்கள். ஆற்றை மேலேயே மறித்து, மலைக்குள் குடைந்த சுரங்கக் குழாய் வழியாகக் கீழே இருக்கும் சுழலிக்கு அனுப்பினால், அருவி இருந்த இடத்தில் ஈரப் பாறை மட்டும் மிஞ்சும்.

மூன்று அருவிகளின் கதையைப் பார்த்தால் இது எந்தெந்த அளவில் நடந்திருக்கிறது என்பது தெரியும்.

*டிஸ்ஸெஸ்ட்ரெங்கனெ.* ட்ரோல்துங்கா பாறைக்கு நடப்பவர்கள் பார்க்கும் ரிங்கெடால் ஏரிப் பக்கத்தில் இருந்தது. இரண்டு ஓடைகள் தனித்தனியே குதித்து நடுவானில் கலந்து, 300 மீட்டர் தடையின்றி விழுந்த அருவி. 1960-களில் அதன் நீர் மின்திட்டத்துக்குத் திருப்பப்பட்டது. உலகின் உயரமான அருவிகள் பட்டியல்களில் இதன் பெயரை இன்றும் காணலாம். பட்டியலை நம்பி ஒட்டாவுக்குப் போகாதீர்கள்.

*மார்டால்ஸ்ஃபோசன்.* ஐகெஸ்டாலன் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1970 கோடையில் இதைத் திருப்பும் வேலை தொடங்கியபோது நூற்றுக்கணக்கானவர்கள் மேலே முகாம் போட்டு வழியை மறித்தார்கள். தத்துவப் பேராசிரியர் ஆர்னெ நேஸும் அங்கே இருந்தார். போலீஸார் போராட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போராட்டம் தோற்றது, திட்டம் வந்தது. ஆனால் சுற்றுலாக் காலத்தில் மட்டும் அருவியில் தண்ணீர் விட வேண்டும் என்ற ஏற்பாடு நின்றது: ஜூன் 20 முதல் ஆகஸ்டு 20 வரை. ஆகஸ்டு 25-இல் போகிறவர் வெறும் சுவரைப் பார்ப்பார். நார்வேயின் சுற்றுச்சூழல் இயக்கம் நேரடிப் போராட்டத்தைக் கற்றது இங்கேதான் என்று சொல்வதில் மிகை இல்லை.

*வோரிங்ஸ்ஃபோசன்.* நார்வேயில் மிக அதிகம் பேர் பார்க்கும் அருவிகளில் ஒன்று. ஒஸ்லோவையும் பெர்கனையும் இணைக்கும் 7-ஆம் எண் சாலையை ஒட்டியே இருப்பது ஒரு காரணம். மொத்த உயரம் 182 மீட்டர். இதற்கு மேலே பியோரெய்யோ ஆற்றின் குறுக்கே சீசன் அணை நிற்கிறது: 1,155 மீட்டர் நீளம், 81 மீட்டர் உயரம், பாறையைக் குவித்துக் கட்டியது. இங்கிருந்து தண்ணீர் மலைக்குள்ளேயே போய், 1980-இல் இயங்கத் தொடங்கிய சீமா மின்நிலையத்தில் இறங்குகிறது. ஆனால் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை அருவியில் விநாடிக்கு 12 கனமீட்டர், நம் கணக்கில் சுமார் 424 கனஅடி, ஓட வேண்டும் என்பது நிபந்தனை. வறண்ட கோடையிலும் இங்கே ஏமாற்றம் இல்லாததற்குக் காரணம் இதுதான். மே நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ போனால் அணைக்குக் கீழே சேரும் நீர் மட்டும்தான் கிடைக்கும். பெருமழை பெய்தால் ஒழிய அது மெலிந்த தாரைதான்.

இனி எதிர்ப்பக்கம். பாதுகாக்கப்பட்ட ஆறுகளின் முதல் பட்டியலை நாடாளுமன்றம் 1973-இல் ஏற்றது. பிறகு விரிந்து இப்போது 390-ஐ நெருங்குகிறது. அதற்கு வெகு முன்பே, 1924-இல், வெட்டிஸ்ஃபோசன் சட்டப்படி பாதுகாக்கப்பட்டுவிட்டது. சோங்னெ ஃபியோர்டின் உட்கோடியில் இருக்கும் ஊட்லாடாலன் பள்ளத்தாக்கில் 275 மீட்டர் ஒரே பாய்ச்சல். மின்திட்டம் தொடாத நார்வே அருவிகளில் ஒரே வீழ்ச்சியாக மிக உயரமானது என்ற பெயர் இதற்கு. எவரும் வால்வைத் திறக்கவில்லை, மூடவில்லை. ஜூனில் இரைச்சலோடு கொட்டும். வறண்ட ஆகஸ்டில் காற்று அடிக்கும் திசைக்கெல்லாம் ஆடும். இயற்கையான அருவி என்றால் அதன் வறட்சியும் சேர்ந்துதான்.

உயரக் கணக்கு ஏன் ஒத்துப்போவதில்லை

ஓர் அருவிக்கு இரண்டு அளவு உண்டு. முதல் துளி குதிக்கும் விளிம்பிலிருந்து கடைசிக் குளம் வரை எடுப்பது மொத்த உயரம். பாறையைத் தொடாமல் விழும் மிக நீளமான பகுதி ஒற்றை வீழ்ச்சி. 'ஏழு சகோதரிகள்' மொத்தம் 410 மீட்டர், ஒற்றை வீழ்ச்சி 250 மீட்டர். சாலையிலிருந்தே தெரியும் லாங்ஃபோசன் 612 மீட்டர். ஆனால் அது முழுக்கப் பாறை மேல் சரிந்து வருவது; குதிப்பதில்லை. இரண்டும் அழகுதான். எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

எதற்கு எவ்வளவு நடை

நடக்கவே வேண்டாம் என்றால் லோட்டெஃபோசன். ஒட்டாவுக்குத் தெற்கே 13-ஆம் எண் சாலையில், 165 மீட்டர், இரட்டை அருவி. சாலையின் கல்பாலத்துக்கு அடியிலேயே பாய்கிறது. பெருக்குக் காலத்தில் சாரலில் கார் கண்ணாடி ஒன்றும் தெரியாமல் போகும். முன்னால் போகிறவர் படம் எடுக்கப் பாலத்திலேயே வண்டியை நிறுத்தியிருக்கலாம் என்பதை மனத்தில் வைத்து மெதுவாகப் போங்கள். நீங்கள் பாலத்தில் நிறுத்தாதீர்கள். பக்கத்திலேயே நிறுத்துமிடம் இருக்கிறது.

நோர்ஹெய்ம்சுண்ட் அருகே ஸ்டைன்ஸ்டால்ஸ்ஃபோசன்: நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிடம் ஏறினால் அருவியின் பின்னால் கைப்பிடியோடு போட்ட பாதையில் நடக்கலாம். சிறுவர்களோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இதுதான் சரி. இதையே கொஞ்சம் முரட்டு வடிவில் வேண்டுபவர்கள் கெய்ராங்கரில் வெஸ்டெரோஸ் பண்ணையிலிருந்து ஸ்டோர்செட்டர்ஃபோசனுக்கு நடக்கலாம். அங்கேயும் அருவிக்குப் பின்னால் போக முடியும், ஆனால் ஈரப் பாறையில்.

வோரிங்ஸ்ஃபோசனில் 2020-இல் திறந்த படிக்கட்டுப் பாலம் பள்ளத்தின் மேல் தொங்குகிறது, 99 படிகள். சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ பாலத்தைக் கடக்காது. ஆனால் ஒரு கரையின் பார்வை மேடைகளுக்கு மட்டும் போய் வந்தாலும் காட்சி குறையாது.

வெட்டிஸ்ஃபோசனுக்கு அரை நாளுக்கு மேல் வேண்டும். ஊட்லாடாலன் வாயிலில் ஹியெல்லெ என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு, ஊட்லா ஆற்றை ஒட்டிய சரளைப் பாதையில் வெட்டி பண்ணை வரை சுமார் 5 கி.மீ. எளிது. பண்ணையைத் தாண்டிய கடைசிப் பகுதி குறுகல், கற்கள், ஆற்றுக்கு மிக அருகில். போக வர 12, 13 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூசெடாலன்: நான்கு அருவி, ஒரு நாள்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, உண்மையான நடை வேண்டும் என்றால் கின்சார்விக்கிலிருந்து புறப்படும் ஹூசெடாலன் பள்ளத்தாக்கைத்தான் சொல்ல வேண்டும். கின்சோ ஆறு ஹார்டாங்கர்விடாவிலிருந்து நான்கு பெரிய படிகளாக ஃபியோர்டுக்கு இறங்குகிறது. ஆறு பாதுகாக்கப்பட்டது என்பதால் தண்ணீர் அளவு முழுக்கப் பனியின் கையிலும் மழையின் கையிலும். கீழிருந்து மேலாக:

1. ட்வைட்டாஃபோசன், 103 மீட்டர். வண்டிப்பாதையிலேயே வந்துவிடலாம். களைத்தவர்கள் இங்கேயே திரும்புவார்கள். பாவம், நல்லது இனிமேல்தான்.
2. நியஸ்டோல்ஃபோசன், 115 மீட்டர். வண்டிப்பாதை முடிந்து மரவேர்களும் வழவழப்பான பாறையும் தொடங்கும். முழு நடையிலும் கால் அதிகம் சறுக்குவது இந்தப் பகுதியில்தான்.
3. நிக்கெசோய்ஃபோசன், 49 மீட்டர். உயரம் குறைவு, அகலம் அதிகம். நெருங்கிப் பார்க்க நான்கில் இதுவே சிறந்தது என்பது என் கணிப்பு. எண்களை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.
4. சோட்டெஃபோசன், 246 மீட்டர். இரண்டு பாய்ச்சலாக விழும். தூரத்திலிருந்தே முழுதும் தெரியும் என்பதால் அடிவரை நெருங்க வேண்டிய தேவை இல்லை.

நான்காவதைப் பார்த்துத் திரும்ப 5 முதல் 7 மணி நேரம். பாதையைச் சிவப்பு 'டி' (T) எழுத்து காட்டும். 1868-இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கம் நாடு முழுக்கக் கற்களிலும் மரங்களிலும் தீட்டிவைத்திருக்கும் குறி இது. ஒரு 'டி' கண்ணில் பட்ட இடத்திலிருந்து அடுத்தது தெரிய வேண்டும். ஐந்து நிமிடம் நடந்தும் அடுத்த குறி வரவில்லை என்றால் பாதை விலகிவிட்டது. முன்னால் தேடாமல் கடைசிக் குறிக்குத் திரும்புங்கள். அருவியை நோக்கிப் பிரியும் கிளைத்தடங்கள் இங்கே ஏராளம். அவை படம் எடுக்கப் போனவர்கள் மிதித்தே உண்டாக்கியவை. தடம் இருக்கிறது என்பதால் அது பாதை ஆகிவிடாது.

இதே சிவப்பு 'டி' சோட்டெஃபோசனையும் தாண்டி, ஸ்டாவாலி குடிலை நோக்கிப் பீடபூமிக்கு ஏறுகிறது. 'இன்னும் கொஞ்சம்' என்று போனால் மரம் மறைந்து, வானிலையே வேறாகிவிடும். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 0.6 டிகிரி அளவில் வெப்பம் குறையும். ஃபியோர்டுக் கரையில் 16 டிகிரி இருந்தால் 1,000 மீட்டரில் 10, அதோடு காற்றும்.

விழுவது ஏன், எங்கே

அருவி விபத்துகள் பெரும்பாலும் கடினமான ஏற்றத்தில் நடப்பதில்லை. நின்று பார்க்கும் இடத்தில்தான். வோரிங்ஸ்ஃபோசனில் விளிம்பிலிருந்து விழுந்து பலர் இறந்திருக்கிறார்கள். இப்போதுள்ள கைப்பிடிகளும் மேடைகளும் அதன் பின்னணியில் வந்தவை. காரணங்கள் மூன்று.

முதலாவது, பாறை. பனியாறு தேய்த்து வழவழப்பாக்கிய பாறையின் மேல் நாள் முழுக்கச் சாரல். அதில் கறுப்பாகப் படரும் பாசி ஈரத்தில் கண்ணுக்கே தெரியாது. பச்சைப் பாசியைக் கண்டு ஒதுங்குகிறவர் கறுப்புப் பாறையை வெறும் பாறை என்று நம்பிக் கால் வைப்பார். பாறை வெளிறிய சாம்பல் நிறமாக இருந்தால் பிடிப்பு இருக்கும். கறுத்து மின்னினால் இருக்காது. ஐயம் இருந்தால் உடல் எடையைப் போடாமல் குதிகாலால் அழுத்தித் திருகிப் பாருங்கள்.

இரண்டாவது, விளிம்பு. புல் எங்கே முடிகிறதோ அங்கே பாறை முடிவதில்லை. பல இடங்களில் வேரும் மண்ணும் மட்டும் பாறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடி இல்லாத விளிம்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள்.

மூன்றாவது, நீர். குற்றாலம் பழகியவர்களுக்கு அருவியைக் கண்டதும் தலையைக் கொடுக்கத் தோன்றும். இங்கே அது கூடாது. பனி உருகிய நீர் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், நீர் உள்ளே போகும். நீச்சல் தெரிந்தவரும் சில நிமிடங்களில் கையை அசைக்க முடியாமல் போவார். மேலிருந்து கல்லும் மரத்துண்டும் விழும். அடிக்குளத்தின் சுழல் ஆளைத் திரும்பத் திரும்ப அருவிக்கு அடியிலேயே இழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அருவியின் ஓரம் ஒட்டியிருக்கும் பனிக்கட்டிகள் முன்னறிவிப்பின்றிப் பெயர்ந்து விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்திட்டம் உள்ள ஆறுகளில் நான்காவதாக ஒன்று: நீர்மட்டம் திடீரென்று ஏறலாம். கரையில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருந்தால், வெயில் அடிக்கிறதே என்று ஆற்றின் நடுப்பாறையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். மதகைத் திறப்பதற்கு மழை பெய்ய வேண்டியதில்லை.

ஓடையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால்: அகலமான இடத்தைத் தேடுங்கள், அங்கேதான் ஆழம் குறைவு. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். ஓட்டம் வரும் திசையைப் பார்த்து, கோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு இறங்காதீர்கள். வேகமான நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் கடக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

பாதையின் நிறமும் பையின் கனமும்

நார்வேயில் பாதைகளுக்கு நான்கு நிறம். பச்சை: 5 கி.மீ.க்குள், ஏற்றம் 300 மீட்டருக்குள். நீலம்: 10 கி.மீ., 600 மீட்டர் வரை. சிவப்பு: 20 கி.மீ., 1,000 மீட்டர் வரை, கரடான தரை. கறுப்பு: வரம்பில்லை, அனுபவசாலிகளுக்கு மட்டும். இந்தத் தரம் நார்வேக்காரர்களின் காலை வைத்துப் போட்டது. மலைநடை பழக்கமில்லாத குடும்பம் ஒரு படி குறைத்தே தேர்ந்தெடுப்பது நல்லது. குறிக்கும் 'டி'யின் சிவப்புக்கும் தரத்தின் சிவப்புக்கும் தொடர்பில்லை. பலர் குழம்புவது இதில்.

சில பாதைகளில் அழகாக அடுக்கிய கற்படிகளைக் காணலாம். 2000-களின் தொடக்கம் முதல் நேபாளத்து ஷெர்பாக்கள் கோடைதோறும் வந்து கையால் அடுக்கும் படிகள் அவை. ஏறுவதற்கு நன்று, மழையில் இறங்கும்போது வழுக்கும்.

பையில் என்ன வேண்டும்? உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உடை. பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, குளிரை இழுத்துவரும். நீர் புகாத மேல்சட்டை, கால்சட்டை. சாரலில் நனைந்த பிறகு மாற்ற ஒரு காய்ந்த சட்டை, காலுறை, இவை தனியே பிளாஸ்டிக் பையில். ரப்பர் அடியுள்ள, கணுக்காலைப் பிடிக்கும் காலணி. ஓட்டக் காலணியில் பச்சைத் தரப் பாதைக்கு மேல் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். மேலே ஓடும் நீரை நார்வேக்காரர்கள் அப்படியே குடிப்பார்கள், ஆடு மேயும் இடத்துக்குக் கீழே மட்டும் தவிர்ப்பார்கள். இடைவழியில் கடை கிடையாது. சப்பாத்தியோ புளிச்சாதமோ கட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். கைப்பேசிக்கு மின்கலம் தனியே, வரைபடம் முன்கூட்டியே தரவிறக்கம். குறுகிய பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் அலைவரிசை கிடைக்காது.

1957-இன் வெளிப்புற உலாச் சட்டப்படி, பயிரிடாத தனியார் நிலத்திலும் எவரும் நடக்கலாம். ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரமும் போடலாம். காரை நிறுத்தும் உரிமை இதில் அடங்காது. நிறுத்துமிடங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ அதன் அருகிலோ தீ மூட்டக் கூடாது.

புறப்படும் காலையில் பார்க்க வேண்டியவை

வானிலைக்கு 'யிர்' செயலி. நார்வே வானிலை ஆய்வகமும் பொது ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. ஊரின் பெயரைப் போடாமல் அருவியின் பெயரையோ மேலேயுள்ள மலையின் பெயரையோ போட்டுப் பாருங்கள். வெள்ளம், மண்சரிவு எச்சரிக்கைக்கு நீர்வள இயக்குநரகத்தின் 'வார்சோம்' தளம்: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள் என்றால் ஆற்றோரப் பாதைகளைத் தவிர்க்கலாம். ஆரஞ்சு என்றால் அன்றைக்கு லோட்டெஃபோசனைக் கார் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பதுகூட வேண்டாம், சாலையே மூடப்படலாம். அதே இயக்குநரகத்தின் 'சில்ட்ரெ' தளத்தில் ஆறுகளின் நீரோட்டம் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரைபடமாகவே வரும். நேற்றைய கோட்டையும் இன்றைய கோட்டையும் ஒப்பிட்டால் அருவி ஏறுகிறதா இறங்குகிறதா என்று புறப்படும் முன்பே தெரிந்துவிடும்.

நார்வேக்காரர்களின் மலை விதிகள் ஒன்பது. எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. இதை எண்ணாக மாற்றிக்கொள்வது உதவும்: மொத்தம் 6 மணி நேர நடை, புறப்பட்டது காலை 10 மணி என்றால், எங்கே இருந்தாலும் பிற்பகல் 1 மணிக்குத் திரும்ப வேண்டும். ஜூனில் இரவு 11 வரை வெளிச்சம் இருப்பதால் இந்த விதியை மீற ஆசை வரும். வெளிச்சம் இருந்தாலும் கால் களைத்திருக்கும். இறக்கத்தில்தான் கணுக்கால் பிசகும்.

ஏதாவது ஆகிவிட்டால் மருத்துவ உதவிக்கு 113, போலீசுக்கு 112. மலையிலோ நீரிலோ ஆள் காணாமல் போனால் அழைக்க வேண்டியது 112. தேடுதலுக்கும் மீட்புக்கும் கட்டணம் வாங்குவதில்லை. பணம் ஆகுமோ என்று தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். 'யெல்ப் 113' (Hjelp 113) செயலியிலிருந்து அழைத்தால் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவும் கூடவே போய்விடும். செயலி இல்லையென்றால் அருவியின் பெயரை மட்டும் சொல்லாமல், ஆற்றின் எந்தக் கரை, அருவிக்கு மேலேயா கீழேயா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 200 மீட்டர் சுவரில் 'அருவி அருகே' என்பது மேல் கரையாகவும் இருக்கலாம், கீழ்க் கரையாகவும் இருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மீட்புக் குழு சுற்றிவர ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.